வண்டிக்கு அடியில் படுத்திருப்பவரின் அறிவு

மழைக்காலம் முடிந்ததும் நம் கைப்பேசித் திரைகளில் தார்களும் ஜிம்னிகளும் ஓடைகளில் இறங்கத் தொடங்கிவிடும். கொழுக்குமலை ஏற்றம், கல்லும் சேறுமான எஸ்டேட் பாதை, சக்கரத்துக்கு மேல் தெறிக்கும் தண்ணீர், பின்னணியில் ஒரு பாட்டு. இந்தக் காணொளிகளில் வராத காட்சி ஒன்று உண்டு. அடுத்த வாரம் அதே வண்டி ஏதோ ஒரு பட்டறையில் நிற்கும். அதன் அடியில் அட்டையை விரித்து ஒருவர் மல்லாந்து படுத்திருப்பார். பின் அச்சின் நடுவே உருண்டையாகப் புடைத்திருக்கும் ஹவுசிங்கிலிருந்து பழைய எண்ணெயை இறக்கிக்கொண்டிருப்பார். பட்டறை மொழியில் இதற்குக் 'கிரவுன் ஆயில் மாத்துறது' என்று பெயர். வண்டியோடு தரப்படும் கையேட்டின் மொழியில் பின் டிஃபரென்ஷியல் எண்ணெய் மாற்றம்.

சாதி ஒழிப்பு பேசும் தளத்தில் இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மோட்டார் பட்டறைத் தொழிலாளர்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் எனக்கு, நிறைய இருக்கிறது என்றே தோன்றுகிறது. இந்தச் சமூகம் எதை அறிவு என்று ஒப்புக்கொள்கிறது, எதை வெறும் கைவேலை என்று தள்ளுகிறது என்பதை இந்த ஒரு மணி நேர வேலையில் முழுதாகப் பார்த்துவிடலாம்.

அந்த ஒரு மணி நேரத்தில் நடப்பது

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் இறுக்கிவிட்டால் டயர் தேயும், வண்டி திரும்ப மறுக்கும், அச்சு முறுக்கேறும். இரண்டுக்கும் விசையைக் கொடுத்து, அதனதன் தூரத்துக்கு ஏற்ற வேகத்தில் ஓடவிடும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரென்ஷியல். சம வாய்ப்பு என்பது எல்லாரையும் ஒரே தண்டில் கட்டுவது அல்ல என்று இங்கிருந்தே இடஒதுக்கீட்டுக்கு ஓர் உவமை சொல்லிவிடலாம். மேடையில் அது எடுபடும். ஆனால் அந்தப் பழக்கம் நமக்குக் கொஞ்சம் அதிகம். உழைப்பு நம் எழுத்தில் உவமையாக வருகிற அளவுக்கு உழைப்பாக வருவதில்லை. எனவே எண்ணெய்க்கே வருவோம்.

என்ஜினிலிருந்து வரும் சுழற்சியைப் பினியன் என்ற சிறு பல்சக்கரம், கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்துக்குக் கொடுக்கிறது. பெரும்பாலான ஜீப்புகளில் பினியன், கிரவுன் வீலின் மையத்துக்குச் சற்றுக் கீழே தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கும். இதை ஹைப்பாய்டு அமைப்பு என்பார்கள். இதில் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று உருள்வதோடு நிற்காமல் வழுக்கியும் உரசும். அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் பிய்ந்துவிடும். அதனால் கந்தகமும் பாஸ்பரசும் கொண்ட சேர்மங்கள் கலந்த கெட்டியான எண்ணெய் ஊற்றுகிறார்கள். அவை உலோகப் பரப்போடு வினைபுரிந்து ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கும். டப்பாவில் ஜிஎல்-5 என்றும் 80டபிள்யூ-90 என்றும் எழுதியிருப்பது இதைத்தான். பட்டறையில் அது 'தொண்ணூறு ஆயில்'. அழுகிய முட்டை போன்ற அதன் நாற்றம் கந்தகத்தால் வருவது.

இனி, அடியில் படுத்திருப்பவர் என்னென்ன முடிவுகள் எடுக்கிறார் என்று பாருங்கள்.

முதலில் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவரச் சொல்வார். எண்ணெய் வெதுவெதுப்பானால்தான் இளகி, அடியில் தங்கிய கசடோடு முழுதாக இறங்கும். பிறகு சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார்.

அடுத்து, கீழே உள்ள வடிகால் பிளக்கைத் தொடமாட்டார். மேலே, பக்கவாட்டில் இருக்கும் நிரப்பும் பிளக்கைத்தான் முதலில் கழற்றுவார். காரணம் எளிது. மலைப்பாதை வண்டிகளில் அந்த பிளக் துருப்பிடித்து இறுகியிருக்கும். எண்ணெயை இறக்கிவிட்டு, நிரப்பும் வாய் திறக்காமல் போனால் வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான். ஊற்ற வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகே இறக்க வேண்டும்.

எண்ணெய் இறங்கும்போது அவர் அதைப் படிக்கிறார். கறுத்திருந்தால் பழையது. மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. தண்ணீர் எப்படிப் போனது? ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த ஓடையில் இறங்கியதும் உள்ளே உள்ள காற்று சுருங்கும். அச்சின் மேல் பிரீதர் என்ற சிறு மூச்சுத்துளை உண்டு. அது சேற்றால் அடைபட்டிருந்தால், உள்ளே உண்டாகும் இழுவை ஆயில் சீலின் விளிம்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஓடையில் வண்டியை இறக்கியவருக்குத் தெரியாத இந்தச் சங்கதி, எண்ணெயின் நிறத்தைப் பார்த்ததும் இவருக்குத் தெரிந்துவிடுகிறது. கையேடு சொல்லும் கிலோமீட்டர் கணக்கு சாதாரணச் சாலைக்கானது. அச்சு தண்ணீரில் மூழ்கிவிட்டால் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே திறந்து பார்க்க வேண்டும் என்று சொல்பவரும் இவர்தான்.

பல வண்டிகளில் பிளக்கின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் ஒட்டியிருப்பதை விரலால் தேய்த்துப் பார்ப்பார். மை போல நெருநெருப்பில்லாமல் இருந்தால் இயல்பான தேய்மானம். சில்லுகளாகக் கையில் குத்தினால் எங்கோ பல் உடைகிறது அல்லது பேரிங் போகிறது. அப்போது எண்ணெயை மட்டும் மாற்றி அனுப்புவது ஏமாற்றுவேலை. ஹவுசிங்கைத் திறக்கவேண்டும் என்று சொல்லியாக வேண்டும்.

எந்த எண்ணெய் என்பதும் ஒரு முடிவு. அச்சுக்கு ஊற்றும் ஜிஎல்-5 எண்ணெயை எல்லா கியர்பாக்ஸிலும் ஊற்றிவிட முடியாது. ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் உள்ள பித்தளைப் பாகங்களை அதன் சேர்மங்கள் அரிக்கக்கூடும். சக்கரச் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் உராய்வுத் தட்டுகள் கொண்ட டிஃபரென்ஷியலாக இருந்தால் அதற்குத் தனிச் சேர்மம் வேண்டும். இல்லையென்றால் வளைவில் அச்சு உதறும்.

கடைசியாக அளவு. நிரப்பும் துளையின் விளிம்பு வரை எண்ணெய் வந்து மெல்ல வழிய வேண்டும். குறைந்தால் பினியன் பேரிங் வறண்டு, ஊளைச் சத்தம் கிளம்பும். அளவு மீறினால், அல்லது பிரீதர் அடைபட்டிருந்தால், சூட்டில் ஏறும் அழுத்தம் எண்ணெயை அச்சின் இரு முனைகளுக்கும் தள்ளும். அங்கே சீல் விட்டுக்கொடுத்தால் எண்ணெய் நேராகப் பின் பிரேக் டிரம்முக்குள் போகும். எண்ணெய் ஊறிய பிரேக் ஷூ பிடிக்காது. மலையில் அதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

இயற்பியல், வேதியியல், உலோகவியல் மூன்றும் சேர்ந்த முடிவுகள் இவை. தவறினால் உயிர் போகும். இவற்றை எடுப்பவருக்கு நம் ஊரில் வைத்திருக்கும் பெயர் 'ஹெல்பர்', 'பையன்'. பட்டறை முதலாளியின் நோட்டில் இருப்பது கூலி, பெயர்கூட இல்லை. கூலி நிர்ணய வகைப்பாடுகளில் திறனற்றவர், பகுதித் திறனுள்ளவர், திறனுள்ளவர், உயர்திறனுள்ளவர் என்று படிநிலை இருக்கிறது. மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் ஐடிஐ-யில் 2 ஆண்டு படித்தவருக்குச் சான்றிதழ் உண்டு. பதினைந்து வருடம் இந்த வேலையைச் செய்தவருக்கு உண்டா? எந்தப் படியில் அவரை நிறுத்துவது என்பதை அவரது அறிவு தீர்மானிப்பதில்லை. கையில் காகிதம் இல்லாததால் அவர் கீழ்ப்படியிலேயே நிற்கிறார்.

யாருடைய குலத்தொழிலும் அல்லாத தொழில்

மோட்டார் வாகனம் இந்த நாட்டுக்கு வந்து ஏறக்குறைய நூற்று முப்பது வருடம்தான் ஆகிறது. மனுவுக்கு டிஃபரென்ஷியல் தெரியாது. கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் எந்தச் சாதியும் பரம்பரை உரிமை கோர முடியாது. எனவேதான் பட்டறை ஒரு வாசலாக இருந்தது. நிலம் இல்லாத, பரம்பரைத் தொழிலிலிருந்து வெளியேற விரும்பிய தலித், இசுலாமிய, பிற்படுத்தப்பட்ட இளைஞர்கள் அதன் வழியாக நகரத்துக்குள் நுழைந்தார்கள். ஊரில் சாதிப்பெயரால் அழைக்கப்பட்டவர் இங்கே 'மெக்கானிக்' ஆனார். இது சிறிய மாற்றமல்ல.

ஆனால் தொழில் புதிதாக இருந்தால் சாதி வராது என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். சாதி என்பது வேலைப் பிரிவினை என்று வாதிட்டவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் 1936-இலேயே பதில் சொல்லியிருக்கிறார். அது வேலை செய்யும் மனிதர்களையே பிரித்து மேல்கீழாக அடுக்குகிறது என்பது அவர் வாதம். வேலை எது என்பது மாறிக்கொண்டே இருக்கும், அந்த அடுக்கு மாறாது. அஜந்தா சுப்பிரமணியன் 2019-இல் வெளியிட்ட 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' என்ற நூல் இதைப் பொறியியல் கல்வியில் காட்டுகிறது. இரும்பையும் மரத்தையும் கையால் அறிந்திருந்த கைவினைச் சமூகங்கள் காலனியக் காலத்தில் தொழிற்பள்ளிகளுக்குள் ஒதுக்கப்பட்டன. கைவேலையிலிருந்து விலகியே இருந்த சாதிகள் கல்லூரிப் பட்டத்தின் வழியாகப் பொறியாளர்கள் ஆயின. வரைபடம் ஒரு பக்கம் போனது, ஸ்பேனர் மறு பக்கம் போனது.

கையை ஒரு சாதியோடும் அறிவை இன்னொரு சாதியோடும் கட்டிவைக்கும் முயற்சி சுதந்திரத்துக்குப் பிறகும் நின்றுவிடவில்லை. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், கிராமப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்றது. குலக்கல்வி என்று பெயர் சூட்டித் தந்தை பெரியார் நடத்திய போராட்டமும் மக்களின் எதிர்ப்பும் அதை 1954-இல் முடித்துவைத்தன. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைப் பட்டியலிட்டு, குடும்பத் தொழில் என்ற சொல்லை மீண்டும் கொண்டுவந்தது. அந்தப் பட்டியலில் கொல்லர் உண்டு, குயவர் உண்டு, முடிதிருத்துநர் உண்டு. மோட்டார் மெக்கானிக் இல்லை. அப்பா செய்யாத தொழிலைக் கற்றுக்கொண்ட கை அவர்கள் பார்வைக்கு எட்டுவதே இல்லை.

பட்டறைக்குள்ளும் அடுக்கு இருக்கிறது. ஆய்வுக்காக நான் போன பட்டறைகளில் திரும்பத் திரும்பப் பார்த்தது இது: கல்லாவில் இருப்பவரை வாடிக்கையாளர் 'சார்' என்கிறார். தலைமை மெக்கானிக் 'அண்ணே'. அடியில் படுத்திருப்பவருக்கு நாற்பது வயதானாலும் 'டேய் தம்பி'. தேநீர் வந்தால் கல்லாவுக்குக் கண்ணாடி டம்ளர், எண்ணெய்க் கைக்குக் காகிதக் கோப்பை. கேட்டால் 'கை அழுக்கா இருக்குல்ல' என்பார்கள். அழுக்கு கழுவினால் போய்விடும். கழுவிய பிறகும் கோப்பை மாறாதபோதுதான் நாம் பேசிக்கொண்டிருப்பது அழுக்கைப் பற்றி அல்ல என்பது புரிகிறது.

இதே எண்ணெய் வசதியான வீட்டுப் பிள்ளையின் கையில் பட்டால் கதை வேறு. சொந்தத் தாருக்குச் சொந்தக் கையால் எண்ணெய் மாற்றிய படத்துக்கு விருப்பக்குறிகள் குவிகின்றன. அது பேஷன், அது ஆர்வம். அப்படிச் செய்பவர்களை நான் குறை சொல்லவில்லை. எல்லாரும் கற்றுக்கொள்வது நல்லது. ஆனால் ஒரு கையில் பெருமையாகவும் மறு கையில் இழிவாகவும் ஒட்டுகிறது என்றால், வேறுபாடு எண்ணெயில் இல்லை.

கூலி ஜீப்பின் பின் அச்சு

இந்த வேலையின் மதிப்பு குறைவதால் பாதிக்கப்படுபவர் மெக்கானிக் மட்டுமல்ல. தேனி மாவட்டத்தின் கம்பம், போடி பகுதிகளிலிருந்து தினமும் விடியுமுன் ஜீப்புகள் புறப்படுகின்றன. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். நிலமற்ற குடும்பங்களின் பெண்கள், அவர்களில் கணிசமானோர் தலித்துகள். போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா ஜீப்புக்கு அந்த மலை வருடத்தில் ஒருநாள் சாகசம். கூலி ஜீப்புக்கு அது தினமும் இரண்டு முறை, அளவுக்கு மீறிய பாரத்தோடு.

பாரம் கூடினால் பற்களின் மேல் அழுத்தம் கூடும், எண்ணெய் சீக்கிரம் கெடும். அதாவது கிரவுன் ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டிய வண்டி கூலி ஜீப்தான். நடப்பது நேர்மாறு. வாரம் ஒருமுறை மலையேறும் தாருக்கு நேரம் தவறாமல் எண்ணெய் மாறுகிறது. கூலி ஜீப்பின் உரிமையாளருக்கு ஒருநாள் வண்டி நின்றால் ஒருநாள் வருமானம் போகும். எனவே 'சத்தம் வரட்டும், பார்க்கலாம்' என்று தள்ளிப்போகிறது. வறண்ட டிஃபரென்ஷியல் முதலில் ஊளையிடும். அடுத்து பேரிங் போகும். மிஞ்சினால் பற்கள் உடைந்து, பின் சக்கரங்கள் ஓட்டத்திலேயே இறுகிவிடவும் கூடும். அந்த ஊளையை முதலில் கேட்பவர்கள் பின் இருக்கையில், அச்சுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கும் பெண்கள்தான். அவர்கள் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டின் மானந்தவாடி அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வந்த ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்து 9 பெண்கள் இறந்தார்கள். அந்த விபத்தின் காரணத்தை நான் இங்கே தீர்ப்பளிக்கவில்லை. தோட்டத் தொழிலாளிப் பெண்களின் உயிர் எந்த மாதிரிப் பயணத்தில் தொங்குகிறது என்பதற்கு அந்த நாள் சாட்சி. யாருடைய வண்டியின் பராமரிப்பு நேரத்துக்கு நடக்கிறது, யாருடையது தள்ளிப்போகிறது என்பதும் சாதிக் கேள்விதான்.

தோலில் ஒட்டுவது

இறக்கிய எண்ணெய் எங்கே போகிறது? இந்தியச் சட்டப்படி பயன்படுத்திய எண்ணெய் ஆபத்தான கழிவு. 2016-ஆம் ஆண்டு விதிகள் அப்படித்தான் வகைப்படுத்துகின்றன. 2023-இல் வந்த திருத்தம், எண்ணெய் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் பழைய எண்ணெயின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றது. சிறு பட்டறைகளில் நான் கண்டது வேறு. கொஞ்சம் பழைய எண்ணெய் வாங்குபவரிடம் போகிறது, கொஞ்சம் கரையானுக்கு மரத்தில் பூசப்படுகிறது, மீதி மண்ணில் ஊறுகிறது.

எண்ணெயில் ஊறும் தோலுக்கு என்ன ஆகும் என்பது புதிய செய்தியல்ல. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் கதிர்களுக்கு இட்ட கனிம எண்ணெய் ஆடையில் ஊறி நூற்புத் தொழிலாளர்களுக்குத் தோல் புற்றுநோய் வந்தது. 1920களில் அரசு குழு அமைத்து விசாரிக்க வேண்டியிருந்தது. சரியாகச் சுத்திகரிக்கப்படாத கனிம எண்ணெய்களை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் வகையில் வைத்திருக்கிறது. இன்றைய கியர் எண்ணெய்கள் நன்கு சுத்திகரிக்கப்பட்டவை, அவற்றை அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் பட்டறைத் தொழிலாளியின் கை ஒரே நாளில் பழைய என்ஜின் எண்ணெய், கியர் எண்ணெய், டீசல் எல்லாவற்றிலும் நனைகிறது. மாலையில் பெட்ரோலைத் தொட்டுத்தான் அந்தக் கையைக் கழுவுகிறார். கையுறை கேட்டால் 'ஸ்பேனர் வழுக்கும்' என்பார்கள். வழுக்காத நைட்ரைல் கையுறை கடையில் கிடைக்கிறது, அதை வாங்கித்தர ஆளில்லை. சாக்கடைக்குள் மனிதரை இறக்காதே என்று பேசும் நாம், அதே மனநிலையின் இலகுவான வடிவம் பட்டறைத் தரையில் இருப்பதையும் பார்க்க வேண்டும். யாருடைய உடல் அழுக்கைத் தாங்கலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்துவைத்திருக்கும் மனநிலை அது.

நாம் செய்ய வேண்டியவை

'நல்ல மெக்கானிக் கை நிறையச் சம்பாதிக்கிறாரே, இதில் எங்கே சாதி?' என்ற கேள்வி வரும். சம்பாதிப்பவர் பெரும்பாலும் பட்டறை உரிமையாளர். சொந்தப் பட்டறை வைக்க இடம் வேண்டும், முன்பணம் வேண்டும், கடன் கொடுக்கும் சொந்தபந்தம் வேண்டும். இவை எந்தச் சாதியிடம் இருக்கின்றன என்பது இரகசியமல்ல. பதினைந்து வருடம் அடியில் படுத்தவரில் எத்தனை பேர் கல்லாவுக்கு வந்தார்கள் என்று உங்கள் ஊர்ப் பட்டறையிலேயே விசாரித்துப் பாருங்கள்.

நம் கையில் உடனே இருப்பது ஒன்று. எண்ணெய் டப்பாவில் அச்சிட்ட விலைக்கு நாம் பேரம் பேசுவதில்லை. கூலிக்கு மட்டும் பேசுகிறோம். பெருநிறுவனத்தின் எண்ணெய்க்கு முழு விலை, மனிதரின் அறிவுக்குத் தள்ளுபடி. இதை நிறுத்தலாம். அவர் பெயரைக் கேட்டு, 'நீங்க' என்று பேசலாம். என்ன பார்த்தீர்கள், எண்ணெய் எப்படி இருந்தது என்று கேட்கலாம். கேட்டால்தான் அவர் அறிந்தது வெளியே வரும்.

ஆனால் மரியாதை மட்டும் போதாது, உரிமை வேண்டும். அனுபவத்தால் கற்றவரின் திறனைச் சோதித்து, ஐடிஐ சான்றுக்கு இணையாக, கட்டணமில்லாமல், தமிழில் சான்று தர வேண்டும். முன்கற்றலை அங்கீகரிக்கும் ஏற்பாடு அரசிடம் பெயரளவில் இருக்கிறது, அது பட்டறைத் தெருவுக்கு வர வேண்டும். வாகனப் பழுதுபார்ப்புத் தொழிலாளர்களையும் உள்ளடக்கிய நல வாரியம் தமிழ்நாட்டில் இருக்கிறது. அதில் பதிந்துகொள்ளத் தோழர்கள் உதவலாம். அரைநாள் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பித் தருவது நூறு பதிவுகளைவிடப் பயனுள்ளது. கூலி ஜீப்புகளின் தகுதிச் சோதனையில் அச்சு எண்ணெய், சீல், பின் பிரேக் மூன்றையும் கட்டாயமாகப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்கு ஆகும் செலவில் ஒரு பங்கைத் தோட்ட முதலாளிகள் ஏற்க வேண்டும். அந்த ஜீப் அவர்களுக்காகத்தான் ஓடுகிறது.

ஆய்வாளர்களான நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. உழைக்கும் மக்களின் துன்பத்தை எழுதிய அளவுக்கு அவர்களின் அறிவை நாம் எழுதவில்லை. துன்பத்தை மட்டும் எழுதினால் இரக்கம் கிடைக்கும். அறிவை எழுதினால்தான் கூலிப் பட்டியலில் அவருக்கு நேரே இருக்கும் 'திறனற்றவர்' என்ற சொல்லைக் கேள்வி கேட்க முடியும். அந்த ஒரு சொல்லை அடித்து எழுதவைப்பதும் சாதி ஒழிப்பு வேலைதான்.